அந்தக் காலத்தில் மடத்துக்குள் எப்படிப் போனார்கள்?

கேள்வி (பிப்ரவரி 2, மாலை)

எனக்கு ஒரு சந்தேகம். இப்போது துறவறம் போகிறவர்களில் பலர் படிப்புக்கும் வசதிக்கும் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆனால் பழைய ஐரோப்பாவில், ரோமப் பேரரசு விழுந்த பிறகு வந்த நூற்றாண்டுகளில், உலகத்தை வெறுத்து மனதார விரும்பிப் போனவர்கள்தான் துறவியும் குருவும் ஆனார்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

தப்புதான். விரும்பிப் போனவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் பிறகு வருகிறேன். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய பெயர்களை எடுத்துப் பார்த்தால் பலரும் சின்ன வயதில் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். இங்கிலாந்தின் பீட், அந்த நாட்டுத் திருச்சபை வரலாற்றை எழுதியவர், தன்னைப் பற்றித் தானே சொல்கிறார்: ஏழு வயதில் உறவினர்கள் அவரை மடாதிபதி பெனடிக்ட் பிஸ்கோப்பிடம் ஒப்படைத்தார்கள். 19 வயதில் திருத்தொண்டர் பட்டம் (குருப்பட்டத்துக்கு முந்தைய படி), 30 வயதில் குருப்பட்டம், 735இல் சாகும்வரை மடம்தான் வீடு. ஏழு வயதுப் பையனுக்கு உலகம் என்றால் என்னவென்றே தெரியாது, அதில் வெறுக்க என்ன இருக்கும்?

அதே நாட்டு வில்லிபால்ட் அதைவிடச் சின்னவர். மூன்று வயதில் சாகக் கிடந்த பிள்ளையைப் பெற்றோர் ஒரு சிலுவையின் அடியில் கிடத்தி, பிழைத்தால் கடவுளுக்கு என்று நேர்ந்துகொண்டார்கள். பிழைத்தார். ஐந்து வயதில் வால்தம் மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். (இதே வில்லிபால்ட் பெரியவரானதும் எருசலேம் வரை போய், திரும்பும் வழியில் தீர் துறைமுகத்துச் சோதனைக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு சுரைக்குடுக்கையில் பரிமளத் தைலம் கடத்தினார். அப்புறம் ஆயர் (பிஷப்) ஆனார். அந்தக் கதை இன்னொரு நாள்.)

பிப்ரவரி 3

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். துறவி வேறு, குரு வேறு. நம் ஊரில் சாமியார் என்றால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. 6ஆம் நூற்றாண்டு மடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குருப்பட்டம் இல்லாதவர்கள். குருப்பட்டம் வாங்கிய ஒருவர் மடத்தில் சேர வந்தால் அவசரப்பட்டுச் சேர்க்காதே என்றுகூட, புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 6ஆம் நூற்றாண்டில் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கு நூல் சொல்கிறது. பட்டம் இருப்பதால் சலுகை எதிர்பார்ப்பார் என்ற பயம்.

அந்த ஒழுங்கு நூலில் 58ஆம் அதிகாரம் வயது வந்தவருக்கு, 59ஆம் அதிகாரம் பிள்ளைக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

வயது வந்தவன் வந்தால் லேசில் உள்ளே விடக் கூடாது. நாலைந்து நாள் வாசலில் நின்று தட்டட்டும், அவமானப்படுத்தினாலும் நிற்கிறானா பார். பிறகு சில நாள் விருந்தினர் அறை. அதற்கப்புறம் நவதுறவிகள் இருக்கும் பகுதி. இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுவதையும் வாசித்துக் காட்டு, இன்னும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை, இன்னும் நாலு மாதம் கழித்து மூன்றாவது முறை. ஒவ்வொரு தடவையும் "இதுதான் சட்டம், முடிந்தால் இரு, முடியாவிட்டால் தாராளமாகப் போ" என்று சொல்லிவிட வேண்டும். ஆகக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். கடைசியில் வாக்குறுதியைத் தன் கையால் எழுதி, எழுதத் தெரியாவிட்டால் வேறொருவர் எழுத இவன் ஒரு குறி போட்டு, பீடத்தின் மேல் வைக்க வேண்டும். சொத்து ஏதாவது இருந்தால் முன்பே ஏழைகளுக்கோ மடத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளைக்கு? பெற்றோர் மனு எழுதுகிறார்கள். காணிக்கையோடு சேர்த்து அந்த மனுவையும் பிள்ளையின் கையையும் பீடத் துணியில் சுற்றி ஒப்புக்கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். வாசலில் நிறுத்துவது கிடையாது, ஒரு வருஷம் கிடையாது, மூன்று முறை வாசிப்பு கிடையாது. தானாக வந்தவனைத்தான் இந்தப் பாடு படுத்துகிறார்கள், கொண்டுவந்து விடப்பட்டவனை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 3, இன்னும் கொஞ்சம்

58ஆம் அதிகாரத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. வாக்குறுதி கொடுத்ததும் அவன் போட்டிருந்த சொந்த உடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு மடத்து உடையை உடுத்துகிறார்கள். பழைய உடையைத் தூக்கி எறிவதில்லை, ஏழைக்கும் கொடுப்பதில்லை. உடை அறையில் பத்திரமாக வைக்கிறார்கள். என்றைக்காவது பிசாசு பேச்சைக் கேட்டு வெளியே போகிறேன் என்றால், மடத்து உடையை உருவிவிட்டு இதை மாட்டி அனுப்ப. எழுதிக் கொடுத்த தாளை மட்டும் திருப்பித் தர மாட்டார்கள், அது மடத்திலேயே இருக்கும். மனித மனசை நன்றாகத் தெரிந்தவர் எழுதிய சட்டம்.

பிப்ரவரி 4

ஏழைகள் என்ன செய்தார்கள் என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். ஒன்றுமே இல்லாதவர்கள் மனுவை மட்டும் எழுதிச் சாட்சிகள் முன்னால் பிள்ளையை ஒப்புக்கொடுத்தால் போதும் என்று பிள்ளைகளுக்கான அந்த 59ஆம் அதிகாரமே சொல்கிறது. அதிகாரத்தின் பெரும்பகுதி பணக்காரர்களைப் பற்றித்தான். தாங்களோ வேறு ஆள் மூலமோ வேறு எந்த வழியிலோ இந்தப் பிள்ளைக்கு எதுவும் கொடுக்க மாட்டோம் என்று பெற்றோர் சத்தியம் செய்ய வேண்டும். கொடுக்க ஆசையிருந்தால் மடத்துக்குக் கொடுக்கலாம், வருமானத்தை வேண்டுமானால் தங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு வெளியே ஏதோ காத்திருக்கிறது என்ற நினைப்பே வரக் கூடாது. அனுபவத்தில் கண்டிருக்கிறோம் என்று ஆசீர்வாதப்பரே சேர்க்கிறார். அப்படியென்றால் 6ஆம் நூற்றாண்டிலேயே அப்பா சொத்தை நினைத்துக்கொண்டு ஓடிய பையன்கள் இருந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 6

நேர்ச்சை என்றதும் எங்கள் வீட்டுக் கதை. என் பெரியப்பாவுக்குச் சின்ன வயதில் டைபாய்டு காய்ச்சல். பாட்டி அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டாள், பிள்ளை பிழைத்தால் சாமியாராக்குவேன் என்று. பிழைத்தார். எட்டாம் வகுப்பு முடித்ததும் இளங்குருமடத்துக்கு அனுப்பினார்கள். சில வருஷம் இருந்தார், பிறகு இறையழைத்தல் இல்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார். குருமடத்தில் யாரும் தடுக்கவில்லை, ஆசி கொடுத்து அனுப்பினார்களாம். வீட்டில்தான் பிரச்சினை. பாட்டி அவருக்குத் தட்டில் சோறு போடுவாளாம், முகம் பார்த்துப் பேச மாட்டாளாம். தான் சொன்ன வாக்கு பொய்யாகிவிட்டது என்ற கோபம், அதில் பையன் என்ன நினைத்தான் என்பது கணக்கிலேயே இல்லை. கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, அந்தப் பெண்ணுக்கு அந்தோணியம்மாள் என்று பெயர் வைத்த பிறகுதான் பாட்டி சமாதானமானாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தூர் நகரத்து ஆயர் கிரகோரி, 6ஆம் நூற்றாண்டில் ஃபிராங்குகளின் (இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட இனம்) வரலாற்றை எழுதியவர், சிறுவனாக இருந்தபோது கடும் காய்ச்சலில் கிடந்து, புனிதர் ஒருவரின் கல்லறைக்குப் போய், பிழைத்தால் திருப்பணியில் சேருகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்தான். வித்தியாசம், நேர்ந்துகொண்டது அவரே. பாட்டி இல்லை. ஆனால் அவர் குடும்பத்தைப் பார்த்தால் காய்ச்சல் வராவிட்டாலும் அவர் ஆயர் ஆகியிருப்பார் என்று தோன்றுகிறது. தனக்கு முன் தூர் நகரத்தில் இருந்த ஆயர்களில் ஐந்து பேரைத் தவிர எல்லாரும் என் சொந்தக்காரர்கள் என்று அவரே எழுதுகிறார்.

பிப்ரவரி 7

கிரகோரி பேச்சு வந்ததால் இது. அவர் சொல்லும் கதைகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஃபிராங்கு அரசன் க்ளோவிஸின் மகன் ஒருவன் 524இல் போரில் சாகிறான். அவனுடைய மூன்று பிள்ளைகளைப் பாட்டி க்ளோட்டில்டா பாரிஸில் வைத்து வளர்க்கிறாள். சித்தப்பாக்கள் இருவருக்கும், சில்டெபர்ட்டும் குளோதாரும், ராஜ்யத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்க மனசில்லை. பட்டம் கட்டப்போகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டு, பாட்டியிடம் ஒரு ஆளை அனுப்புகிறார்கள். அவன் ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் உருவிய வாள். எது வேண்டும், சொல்.

கத்தரிக்கோல் என்றால் முடியை வெட்டித் திருப்பணிக்கோ மடத்துக்கோ அனுப்புவது. அந்த வம்சத்தில் நீண்ட முடிதான் அரசனுக்கு அடையாளம், முடி போனால் அரசுரிமை போயிற்று. பாட்டி அதிர்ச்சியில், அரசாளாவிட்டால் முடி வெட்டி இருப்பதைவிடச் செத்தே போகட்டும் என்று சொல்லிவிடுகிறாள். பத்து வயதுப் பிள்ளையும் ஏழு வயதுப் பிள்ளையும் சித்தப்பா கையாலேயே கொல்லப்படுகிறார்கள். மூன்றாவது பிள்ளை குளோடோவால்டைச் சில வீரர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள். அவன் பிறகு தன் முடியைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டு திருப்பணியில் சேர்ந்து குருவாகச் சாகிறான். பாரிஸுக்குப் பக்கத்தில் சான் க்ளூ என்ற ஊர் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இவர் விரும்பிப் போனவரா, அனுப்பப்பட்டவரா? வெட்டியது அவர் கைதான். நீங்களே சொல்லுங்கள்.

751இல் அந்த வம்சத்தின் கடைசி அரசன் மூன்றாம் சில்டெரிக்கையும் முடியை வெட்டித்தான் மடத்துக்கு அனுப்பினார்கள். அரசர்களுக்கு மடம் பல சமயம் ஜெயில்.

பிப்ரவரி 9

ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார், இதெல்லாம் நம் காலத்துக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது, சம்மதம், உரிமை என்பதெல்லாம் இப்போது வந்தவை, அப்போது யாரும் அப்படி யோசிக்கவில்லை என்று. அதில்தான் எனக்கு மறுப்பு. அவர்களே யோசித்தார்கள், சண்டையும் போட்டார்கள்.

633இல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் கூடிய ஆயர்கள் சங்கம் சொல்கிறது: ஒருவனைத் துறவியாக்குவது தகப்பனின் பக்தி, அல்லது அவனே கொடுக்கும் வாக்கு. எதுவானாலும் திரும்பிப் போக முடியாது. 656இல் அதே ஊர்ச் சங்கம், பத்து வயதுக்கு மேல் பிள்ளையைப் பெற்றோர் இஷ்டத்துக்கு ஒப்புக்கொடுக்க முடியாது என்று வரம்பு வைக்கிறது. 817இல் பக்திமான் லூயி என்ற ஃபிராங்குப் பேரரசரின் ஆஹன் நகரத்துச் சட்டம், பெற்றோர் சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொடுக்கலாம், ஆனால் விவரம் தெரிந்த வயதில் பையன் தானே அதை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது. ஒருவரும் யோசிக்காத விஷயத்துக்கு எதற்கு இத்தனை சட்டம்?

இப்போது கோட்ஷால்க். சாக்சன் (இன்றைய வட ஜெர்மனியில் இருந்த இனம்) பிரபு பெர்னோவின் மகன். ஃபிராங்குப் பேரரசர் சார்லிமேன் முப்பது வருஷத்துக்கு மேல் போரிட்டு சாக்சன்களை அடக்கி முடித்த காலத்தில் பிறந்தவன். சிறுவனாக ஃபுல்டா மடத்தில் ஒப்புக்கொடுக்கப்படுகிறான். படிப்பில் கெட்டிக்காரன், கவிஞன். 829இல் மைன்ஸ் நகரத்தில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் எழுந்து, என்னைக் கட்டாயப்படுத்தித் துறவியாக்கினார்கள், விடுதலை கொடுங்கள் என்கிறான். இன்னொரு வாதமும் வைக்கிறான், எனக்கு மிகவும் பிடித்தது: சாக்சன் ஒருவன் தன் சுதந்திரத்தை இழக்கும் விஷயத்தில் சாட்சி நிற்க வேண்டியவர்கள் சாக்சன்கள், ஃபிராங்குகள் இல்லை. ஜெயித்த இனம் தோற்ற இனத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்ளும்போது ஜெயித்தவனையே சாட்சிக்கு வைத்தால் அது என்ன சாட்சி?

சங்கம் அவனை விடுவித்துவிட்டது! 829இல்!

அவனுடைய மடாதிபதி ஹ்ரபானஸ் மௌரஸ் விடவில்லை. அவரும் சிறுவனாக அதே ஃபுல்டாவில் விடப்பட்டவர்தான், அந்தக் காலத்தின் பெரிய பண்டிதர். பேரரசரிடம் மேல்முறையீடு போனார், பிள்ளைகளை ஒப்புக்கொடுப்பதை நியாயப்படுத்தித் தனியாக ஒரு நூலே எழுதினார். ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுக்கவில்லையா, அன்னாள் சாமுவேலைக் கோவிலில் விடவில்லையா, கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க நீ யார் என்ற போக்கில். கடைசியில் கோட்ஷால்க் ஃபுல்டாவை விட்டுப் போகலாம், துறவியாகவே இருக்க வேண்டும் என்று ஆயிற்று. ஓர்பே மடத்துக்குப் போனான். அப்பாவின் சொத்து திரும்பக் கிடைக்கவில்லை.

ஈசாக்கை யாரும் கேட்கவில்லை, சாமுவேலையும் கேட்கவில்லை, வாஸ்தவம். ஆனால் ஈசாக்கு கடைசியில் வீட்டுக்குத் திரும்பினான் என்பதை ஹ்ரபானஸ் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பிப்ரவரி 9, நள்ளிரவு

அப்புறம் கோட்ஷால்க் என்ன செய்தார் தெரியுமா? யார் மோட்சம் போவார், யார் நரகம் போவார் என்று கடவுள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார் என்று பிரசங்கம் செய்து மாட்டிக்கொண்டார். 848இல் ஒரு சங்கம், 849இல் இன்னொன்று, சவுக்கடி, ஓட்வில்லர்ஸ் மடத்தில் சிறை, சாகும்வரை. 848இல் அவரைக் கண்டித்த பேராயர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஹ்ரபானஸ். தன் வாழ்க்கையைச் சின்ன வயதிலேயே வேறு யாரோ முடிவு செய்துவிட்ட ஆள் இந்தக் கொள்கைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இறையியல் படித்தவர்கள் அடிக்க வர வேண்டாம், அவர் புனித அகுஸ்தீனாரைக் கரைத்துக் குடித்தவர் என்பதும் தெரியும்.

பிப்ரவரி 12

குருக்கள் பக்கம் வருகிறேன், மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

குருமடம் என்று தனியாக ஒன்று அப்போது கிடையாது. 529இல் இன்றைய பிரான்சின் தெற்கே வேசோன் நகரத்துச் சங்கம், பங்குக் குருக்கள் ஆலயத்தில் வேதம் வாசிக்கும் திருமணமாகாத இளைஞர்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்து விவிலியச் சங்கீதங்களும் வேதமும் சொல்லிக் கொடுங்கள் என்கிறது. நம் ஊரில் நாதஸ்வரமோ மிருதங்கமோ கற்க வாத்தியார் வீட்டிலேயே தங்கி, எடுபிடி வேலை செய்துகொண்டே படித்த முறை மாதிரி. 506இல் ஆக்த் சங்கம் திருத்தொண்டருக்கு 25 வயது, குருவுக்கு 30 என்று வைத்தது. பீட் 19இல் திருத்தொண்டர் ஆனது அந்த வயதுக்கு முன்பே, ஆக விதிவிலக்கும் உண்டு.

இங்கே எனக்குப் பிடித்தது மறுபடியும் தொலேதோ, 6ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நடந்த இரண்டாம் சங்கம். பெற்றோர் சின்ன வயதில் திருப்பணிக்கு விட்ட பையன்கள் ஆயரின் கண்காணிப்பில் வளர வேண்டும். 18 வயது ஆனதும், குருக்களும் மக்களும் பார்க்க, ஆயர் அவனிடம் கேட்க வேண்டும்: உனக்குக் கல்யாணம் செய்துகொள்ள ஆசையா? ஆசை என்றால் தடுக்கக் கூடாது. இல்லை, கற்பு காப்பேன் என்றால் 20 வயதில் அடுத்த படி. ஊர் முன்னால் நின்று பதினெட்டு வயதுப் பையன் "ஆசைதான்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது வேறு விஷயம். கேட்டார்களே, அது பெரிசு.

அடிமை குலத்தில் பிறந்தவன் குருவாகலாமா? எஜமான் முதலில் விடுதலை கொடுத்தால் ஆகலாம், 818–819 வாக்கில் லூயியின் சட்டமும் அதையே சொல்கிறது. அப்படி வந்தவர்தான் ரைம்ஸ் பேராயர் எபோ, பேரரசர் லூயிக்கே பால் கொடுத்தவளின் மகன். 833இல் அவர் லூயிக்கு எதிரான கட்சியில் சேர்ந்தபோது, தேகன் என்ற வரலாற்று ஆசிரியர் திட்டியதைக் கேளுங்கள்: பேரரசர் உன்னைச் சுதந்திரன் ஆக்கினார், உயர்குலத்தான் ஆக்கவில்லை, அது முடியவும் முடியாது. நமக்கு விளக்கம் தேவையில்லாத வாக்கியம்.

பிப்ரவரி 13

தானாக வந்தவர்கள், சொன்னபடி.

651இல் இங்கிலாந்துப் புனிதர் கத்பர்ட் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரவில், வானதூதர்கள் ஒரு ஆன்மாவைத் தூக்கிப் போவதைப் பார்க்கிறார். ஆயர் எய்டன் இறந்த இரவு அது என்று பிறகு தெரிகிறது. நேராக மெல்ரோஸ் மடத்துக்குக் குதிரையில் போய் இறங்கி, குதிரையையும் கையிலிருந்த ஈட்டியையும் வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். ஆடு மேய்த்தவருக்கு ஈட்டி, குதிரை, வேலைக்காரன் எல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வசதியான வீட்டுப் பையன் என்றுதான் நினைக்கிறேன்.

குத்லாக், அவரும் இங்கிலாந்துக்காரர், ஒன்பது வருஷம் கொள்ளையும் போருமாகத் திரிந்தவர். ஒரு ராத்திரி பழைய அரசர்களின் கேவலமான சாவுகளை நினைத்துப் பார்த்து மனசு உடைந்து, 24 வயதில் ரெப்டன் மடத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் போதை தரும் எதையும் தொட மாட்டேன் என்றார். மற்ற துறவிகளுக்கு அதனாலேயே அவர்மேல் கடுப்பு. எந்த மடமானாலும் புதுசாக வந்து ஒழுங்கு காட்டுகிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. "தானாக வந்தவர்" எல்லாரும் பக்தியால் வந்தவர் இல்லை. 734இல் பீட், யார்க் நகரத்து ஆயர் எக்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் கொதிக்கிறார்: பிரபுக்கள் மடம் கட்டுகிறோம் என்று அரசனிடம் பட்டயம் எழுதி நிலம் வாங்கி, தாங்களே மடாதிபதி என்று உட்கார்ந்துகொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். அரச சேவையும் கிடையாது, துறவும் கிடையாது. இப்படியே போனால் நாட்டைக் காக்க வீரனுக்குக் கொடுக்க நிலம் இருக்காது. அறக்கட்டளை வைத்து வரி ஏய்ப்பது புது வித்தை என்று யார் சொன்னது?

பிப்ரவரி 15

பௌத்தத்தில் எப்படி என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அங்கே சட்டம் தலைகீழ் போல இருக்கும்: பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. புத்தர் தன் மகன் ராகுலனையே சேர்த்துவிட்டபோது தாத்தா சுத்தோதனர் அழுது கேட்டுக்கொண்டதால் வந்த விதி. முழுப் பிக்குவாக 20 வயது, சாமணேரனாக (பயிற்சித் துறவி) 15, அதற்கும் கீழே என்றால் காக்கை விரட்டத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் சரி. சீனத்தில் இதற்கு மேல் அரசாங்கம் வேறு. யுவான் சுவாங் சிறுவனாக லோயாங்கில் போய் நின்றபோது இத்தனை பேர்தான் என்று அரசு எண்ணிக்கை வைத்திருந்தது, வயதும் போதவில்லை. அலுவலக வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்த பையனை அதிகாரி கூப்பிட்டு விசாரித்து, பேச்சு பிடித்துப்போய்ச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் நம் காஞ்சிபுரம் வரை வந்தது.

பிப்ரவரி 18

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பீட் பற்றிய வரி சரிதான், ஆனால் அதோடு நிறுத்தினால் ஏதோ பாவப்பட்ட பிள்ளை என்ற நினைப்பு வரும். அப்படி இல்லை. படிப்பதும் சொல்லிக் கொடுப்பதும் எழுதுவதும் எனக்கு எப்போதும் இன்பமாக இருந்தது என்று அவரே சொல்கிறார்.

686 வாக்கில் பீட் வாழ்ந்த ஜாரோ மடத்தில் கொள்ளை நோய். வாசிக்க, பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் செத்துப்போக, மிஞ்சியது மடாதிபதி செயோல்ஃபிரித்தும் ஒரு சிறுவனும். சங்கீதங்களுக்கு இடையில் பாடும் பல்லவிகளைப் பாட ஆள் இல்லை, காலை மாலைச் செபத்தில் தவிர மற்ற நேரங்களில் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்கிறார்கள். ஒரு வாரம் கண்ணீரோடு அப்படி ஓட்டிப் பார்த்தார்கள். தாங்க முடியாமல், எட்டாவது நாளிலிருந்து பழையபடி முழுவதையும் இரண்டு பேருமே பாடினார்கள், மற்றவர்கள் பழகி வரும்வரை. அந்தச் சிறுவன் பீட் என்று பலரும் கருதுகிறார்கள். அவரை யாரோ கொண்டுபோய் விட்டார்கள், உண்மை. அந்த எட்டாவது நாள் அவரை யாரும் கட்டாயப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 20

பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று திட்டு வந்திருக்கிறது. நியாயம்.

ராடெகுண்ட், துரிங்கிய (இன்றைய ஜெர்மனியில்) இளவரசி. 531இல் போரில் சிறைபிடித்து வந்த அதே குளோதார் (கத்தரிக்கோல் சித்தப்பா) பிறகு மணந்துகொள்கிறான். அவளுடைய தம்பியை அவன் கொன்றதும் வெளியேறி நோயோன் ஆயர் மெடார்டிடம் போகிறாள், என்னைக் கடவுளுக்கு அர்ப்பணியுங்கள் என்று. பிரபுக்கள் ஆயரைப் பீடத்திலிருந்து பிடித்து இழுக்கிறார்கள், அரசன் மனைவிக்கு முக்காடு போட நீ யார் என்று. ஆயர் தயங்குகிறார். அவள் போய்த் தானே துறவு உடையை உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறாள்: கடவுளைவிட மனிதருக்குப் பயந்து தாமதித்தால், உம்மிடம் கணக்குக் கேட்கப்படும். ஆயர் கை வைத்து அர்ப்பணித்தார். பிறகு அவள் போய்த்தியே நகரத்தில் கட்டிய மடத்தில் ஆர்ல் ஆயர் செசாரியுஸின் ஒழுங்கைக் கொண்டுவந்தாள். அதன்படி உள்ளே வந்தவள் சாகும்வரை வெளியே போக முடியாது. பிள்ளைகளையும் எழுத்துக் கற்கும், சொன்னபடி கேட்கும் ஆறு ஏழு வயதுக்கு முன் சேர்க்கக் கூடாது.

அந்த மடத்துக்குள் எல்லாரும் ராடெகுண்ட் மாதிரி வரவில்லை. அரசன் சில்பெரிக்கின் மகள் பசீனாவை அங்கே தள்ளியது சித்தி ஃபிரெடெகுண்ட். பிறகு அவளுக்கு ஸ்பெயினில் கல்யாணம் பேசித் திரும்பக் கேட்டபோது ராடெகுண்டே மறுத்துவிட்டாள்.

587இல் ராடெகுண்ட் இறந்தாள். 589இல் குரோதியெல்ட் என்ற இன்னொரு அரச குலத்துப் பெண் தலைமையில், பசீனா உட்பட நாற்பதுக்கு மேற்பட்ட கன்னியர் வெளியேறி, கொட்டும் மழையில் தூர் வரை நடந்து கிரகோரியிடம் வந்து நிற்கிறார்கள். புகார்: எங்களை அரச குமாரிகளாக நடத்தவில்லை, அடிமைப் பெண்களின் பிள்ளைகளைப் போல நடத்துகிறார்கள். (இவர்களும் துறவிகள்தான்!) பிறகு அடியாட்களைச் சேர்த்துக்கொண்டு போய்த்தியே ஆலயத்தில் உட்கார்ந்து, மடத்துத் தலைவியையே கடத்தி, ரத்தம் சிந்தி, 590இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, அதே வருஷம் மெட்ஸ் நகரத்தில் மன்னிக்கப்பட்டார்கள்.

தலைவி இருக்கும்வரை அந்த மடத்தில் காலடி வைக்க மாட்டேன் என்றாள் குரோதியெல்ட், அரசன் அவளுக்கு ஒரு பண்ணையைக் கொடுத்து அனுப்பினான். பசீனா ஆயர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, தலைவியோடு சமாதானமாக இருப்பேன், ஒழுங்கை மீற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து மடத்துக்கே திரும்பிப் போகிறேன் என்றாள்.